ஏழாவது வரிசை, நான்காவது கட்டம்

கடிகாரத்தில் இரண்டு மணி ஏழு நிமிடம். இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் இருக்கிறது என்று அம்சவேணி கணக்குப் போட்டாள், போட்டதும் மறந்தும் போனாள், ஏனென்றால் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியாக நுழைந்த மார்ச் மாத வெயில் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஏதோ ஒரு காலத்துப் பேராசிரியரின் மூக்கை மட்டும் பச்சையாக்கிக்கொண்டிருந்தது. முந்நூறு வருடமாக எல்லோரையும் முறைத்துக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு இது வேண்டியதுதான். நெதர்லாந்தின் இந்தப் பழைய பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத் தேர்வு என்பது பாதி பரீட்சை, பாதி கோயில் காரியம். கறுப்பு அங்கியும் வெல்வெட் தொப்பியும் போட்ட ஆறு பேர் ஒரு பக்கம் வரிசையாக உட்காருவார்கள், அவர்களுக்கு எதிர்வாதிகள் என்று பெயர். நடுவில் தலைவர். எதிரே சின்ன மேடையில் ஆய்வேடு எழுதியவள் நிற்பாள், கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நிற்பதுபோல அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தோழிகள். பின்னால் பெஞ்சுகளில் அப்பா, அம்மா, அத்தை, பழைய காதலன் என்று ஒரு கூட்டம், மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு வாசனையோடு. எதிர்வாதிகள் ஒவ்வொருவராகக் கேட்பார்கள், அவள் ஒவ்வொரு பதிலையும் 'மிகக் கற்ற எதிர்வாதி அவர்களே' என்று தொடங்க வேண்டும். எல்லாம் நாற்பத்தைந்து நிமிடம். நாற்பத்தாறாவது நிமிடம் என்று ஒன்று கிடையாது. சரியாக இரண்டே முக்காலுக்குக் கதவு திறக்கும், வெள்ளி மணிகள் தொங்கும் நீளக் கோலோடு ஓர் உயரமான பெண்மணி உள்ளே வருவார், கோலைத் தரையில் தட்டி, 'ஹோரா எஸ்ட்' என்று லத்தீனில் சொல்வார். நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு கேள்வி பாதியில் நின்றாலும் பதில் பாதியில் நின்றாலும், திறந்த வாயை மூட வேண்டியதுதான். அந்தப் பெண்மணிக்கு அம்சவேணி மனதுக்குள் கட்டியக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். பாலாற்றங்கரையில் அவள் சின்ன வயதில் பார்த்த கூத்துகளில் கட்டியக்காரன் வந்து ராஜா வருகிறார் என்பான். இவள் வந்து, ராஜா வாயை மூடலாம் என்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறு எதிர்வாதிகளில் அம்சவேணிதான் கடைசி. ஜெர்மனியிலிருந்து வந்தவர் முதல் கேள்வியைத் தொடங்கி ஐந்து நிமிடமாகியும் இன்னும் கேள்விக்குறிக்கு வந்து சேரவில்லை. மேடையில் லீஸ்பெத் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், முப்பத்திரண்டு வயது, காதில் சின்ன முத்து, மேடையின் விளிம்பைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. ஐரோப்பாவின் பன்னிரண்டு நாடுகளில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு என்னென்ன உரிமை என்று ஒப்பிட்டு நானூற்றுச் சொச்சம் பக்கம் எழுதியிருக்கிறாள். அம்சவேணியின் முன்னால் அந்த ஆய்வேடு மூடியபடி கிடந்தது. திறக்கத் தேவையில்லை. நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் ஏழாவது வரிசை, நான்காவது கட்டம். அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்று போட்டிருக்கிறது. அது இல்லை. உண்டு என்று முதன்முதலில் எழுதியவள் அம்சவேணி, முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால். இல்லை என்பது இருபத்தொன்பது வருடமாக அவளுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அந்த நினைப்பில்தான் இத்தனை வருடம் தூங்கியும் எழுந்தும் வந்திருக்கிறாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் ரயிலில் முடிவு செய்திருந்தாள். ரயிலில் எடுக்கும் முடிவுகளுக்கு ஸ்டேஷன் வரைதான் ஆயுசு. அடுத்த மாதம் அவள் ஓய்வு பெறுகிறாள். சக பேராசிரியர்கள் சேர்ந்து அவளுக்கு ஒரு மரியாதை மலர் போடுகிறார்கள், அதன் அட்டையில் அவள் அன்றைக்குப் போட்ட அந்த முதல் அட்டவணையையே பொன்னிறத்தில் அச்சடித்திருக்கிறார்கள், போன வாரம் மாதிரி அட்டையை அனுப்பி, பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். மிகவும் பிடித்திருக்கிறது என்று பதில் போட்டாள். வேறு என்ன போடுவது.

மூக்கு இப்போது பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போயிருந்தது. மஞ்சள் என்றால் மிராவின் சமையலறைத் திரை. தொண்ணூற்று மூன்றாம் வருடம், கடலோரத்தில் ஒரு சின்ன நாடு, புதிதாகப் பிறந்த நாடு, தெருப்பெயர்களைக்கூட அப்போதுதான் மாற்றிக்கொண்டிருந்தார்கள், பாதிப் பலகைகளில் பழைய பெயர், பாதியில் ஈரப் பெயின்ட். அம்சவேணிக்கு முப்பத்தாறு. மதராஸ் சட்டக் கல்லூரியில் படித்து, அங்கேயே நாலு வருடம் பாடம் நடத்தி, பிறகு உதவித்தொகை பிடித்து ஐரோப்பாவுக்கு வந்து, ஐந்து மொழிகளில் தொழிலாளர் சட்டம் வாசிக்கக் கற்றுக்கொண்டவள். மிரா வீட்டில் உட்கார்ந்து ஷூ தைத்தாள். ஷூ முழுவதும் அல்ல, மேல்பாகம் மட்டும், அம்சவேணியின் ஊரில் அதை அப்பர் என்பார்கள். இரண்டு ஊசி, ஒரே நூல், ஒரே துளையில் எதிரும் புதிருமாக. மிராவின் கை போன விதத்தை அம்சவேணி அந்தச் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தாள், அது அப்படியே ஊரில் அப்பர் தைத்த கஸ்தூரி அக்காவின் கை. நூலை இழுத்துவிட்டுச் சுண்டுவிரலைத் தூக்கும் அந்தத் திமிர்கூட அப்படியே. காபி வந்தது, அடியில் மண்டியோடு, சர்க்கரையைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள். மொழிபெயர்க்க வந்த மாணவி தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். மிரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நாங்கள் தொழிலாளிகளா, இல்லையா? சட்டத்தில் என்ன இருக்கிறது?" பார்த்துச் சொல்கிறேன் என்றாள் அம்சவேணி. எத்தனை வீடுகளில் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பாள், அது ஆராய்ச்சியாளர்கள் விடைபெறும் விதம், வரட்டுமா என்பதுபோல.

பார்க்கவும் செய்தாள். தலைநகரத்து நூலகத்தில் அரசிதழ் இருந்தது, பக்கங்கள் இன்னும் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன, நூலகர் ஒரு வெண்ணெய்க் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். சட்டம் இருந்தது. அழகான சட்டம். வீட்டிலிருந்து தைப்பவரும் தொழிலாளியே, விபத்துக்கும் நோய்க்கும் முதுமைக்கும் அவருக்கு உரிமை உண்டு என்று பதினாறு பிரிவுகள். பதினேழாவது பிரிவு ஒரே வரி. இச்சட்டம் அமைச்சர் குறிக்கும் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும். அந்த வரியை அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எவ்வளவோ ஆசைப்பட்டிருக்கிறாள், ஆனால் பார்த்தாள், விரல் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றது, நின்ற இடத்தில் தாளின் சொரசொரப்புகூட இன்றைக்கும் நினைவிருக்கிறது. வேறு யாராவது என்றால் மன்னித்துவிடலாம். மதராஸில் முதல் வருட மாணவர்களுக்கு முதல் வகுப்பில் அவளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. சட்டசபையில் நிறைவேறினால் போதாது, தேதி குறித்து அறிவிக்க வேண்டும், அதுவரை அது தூங்குகிறது, சில சட்டங்கள் தூக்கத்திலேயே கிழடு தட்டிப்போகும். பிள்ளைகள் சிரிப்பார்கள். தேதி குறித்தார்களா என்று கேட்க அமைச்சகத்துக்கு மூன்று முறை போன் செய்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை கருத்தரங்கு. பதினோரு நாடு, ஐந்து கேள்வி, ஐம்பத்தைந்து கட்டம், ஐம்பத்து நான்கு நிரம்பிவிட்டது. ஒரே ஒரு கட்டம் பல் விழுந்த வாய்போல இளித்துக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதில் 'உண்டு' என்று எழுதினாள். பொய் என்று நினைத்து எழுதவில்லை. இந்நேரம் குறித்திருப்பார்கள், குறிக்காமலா இருப்பார்கள், புது நாடு, ஆர்வமான நாடு என்று நினைத்து எழுதினாள். கருத்தரங்கில் கைதட்டினார்கள். ஊர் பேர் தெரியாத ஒருத்தி ஒரே பக்கத்தில் பதினோரு நாட்டை அடக்கிவிட்டாள் என்று ஒரு கிழவர் எழுந்து நின்று சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அவளுடைய நல்ல காலம்.

"மிகக் கற்ற எதிர்வாதி அவர்களே," என்றாள் லீஸ்பெத், ஜெர்மன்காரர் ஒருவழியாக முடித்திருந்தார். அவள் குரல் முதல் வாக்கியத்தில் நடுங்கி இரண்டாவதில் நிலைபெற்றது. நல்ல குரல். இரண்டு மணி பதினைந்து. அம்சவேணியின் விரல்கள் மேசைக்குக் கீழே அங்கியின் ஓரத்தைத் தேடிப் பிடித்தன. இந்த அங்கி ஆறடி உயரமிருந்து செத்துப்போன ஒரு பேராசிரியருடையது, அவருடைய மனைவி கொடுத்தது, அம்சவேணி போட்டபோது திரைச்சீலைக்குள் ஒளிந்துகொண்ட குழந்தைபோல இருந்தாள். தையல்காரரிடம் கொடுக்காமல் தானே ஓரத்தை மடித்துத் தைத்தாள், இரண்டு ஊசி போட்டு, அப்பர் தையல், இருபது வருடமாக ஒரு நூல் பிரியவில்லை. கஸ்தூரி அக்கா சொல்லிக்கொடுத்த ஒரே வித்தை. அக்காவுக்கு எழுபத்து மூன்று ஆகிறது, இப்போது கண் தெரியவில்லை, ஊசியில் நூல் கோக்கப் பேத்தி வேண்டும். சனிக்கிழமைதோறும் போன். போன சனிக்கிழமை எப்போதும் இல்லாத கேள்வியாக ஒன்று கேட்டாள், நாற்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி. "ஏண்டி, நீ அங்க இன்னாதான் பாடம் சொல்லிக் குடுக்கற?" அம்சவேணி தன்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். இந்த நாட்டில் தொழிலாளிக்கு என்ன உரிமை, அந்த நாட்டில் என்ன உரிமை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அந்தப் பக்கம் யாரோ தெருவில் வெங்காயம் கூவிக்கொண்டு போனார்கள். பிறகு அக்கா கேட்டாள். "பாத்துக்கினு இன்னா பண்ணுவ?"

கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கோலம் போட்டுவிட்டு என்ன செய்வாய், மாவு அரைத்துவிட்டு என்ன செய்வாய் என்பதுபோல, அடுத்து ஏதோ வேலை இருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்டாள். பார்த்துக்கொண்டு என்ன செய்தாள் அம்சவேணி? ஒப்பிட்டாள். எட்டுப் புத்தகம் எழுதினாள். ஏழு நகரங்களில் வாடகை வீட்டுச் சாவிகளை வாங்கினாள், திருப்பிக் கொடுத்தாள். கல்யாணம் ஒன்று நடந்து அது தானாகவே தேய்ந்து போனது, அதைப்பற்றிப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. உறைபனியில், புழுக்கத்தில், மொழி புரியாத விருந்துகளில், நீங்கள்தானா அந்த அட்டவணை என்று யாராவது கையைப் பிடித்துக் குலுக்கும்போதெல்லாம் ஒரு கணம் கூச்சமும் அடுத்த கணம் சந்தோஷமுமாக நின்றாள். சந்தோஷமே கூச்சத்தைவிட ஒரு பிடி அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பெயின்காரி ஒருத்தி இப்போது கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள், மூன்றாவதோ நான்காவதோ, சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல வந்தது. கூரையில் மரத்தில் செதுக்கிய பழங்கள் தொங்கின, மாதுளையோ அத்தியோ, வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது, சுவரிலிருந்தவரின் மூக்கு அணைந்துபோயிற்று. தூக்கம் வருகிறாற்போல இருந்தது. பயம் அதிகமானால் அவளுக்குத் தூக்கம் வரும், பள்ளிக்கூடப் பரீட்சைகளிலிருந்தே அப்படித்தான்.

கடிதம் தொண்ணூற்றைந்தாம் வருடம் வந்தது. நீல உறை, மூன்று தபால்தலை, மாணவியின் கையெழுத்தில் மிரா சொன்னது. ஊசி நழுவி உள்ளங்கையில் ஏறி, இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. யாரோ படித்தவர்கள் அம்சவேணியின் கட்டுரையைக் காட்டி, உனக்கு உரிமை இருக்கிறதாம், இங்கே அச்சிலேயே இருக்கிறது என்றார்கள். மிரா அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் நல்ல மனிதர், உட்காரவைத்து, அந்தச் சட்டத்துக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை அம்மா என்று விளக்கினார். சிரிக்கவில்லை என்று மிரா தனியாக ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தாள், அவர் சிரிக்கவில்லை. கடைசியில், உங்கள் தாளில் இருப்பது எந்த நாட்டுச் சட்டம் என்று எனக்குத் தெரியப்படுத்தவும் என்று முடித்திருந்தாள். அம்சவேணி பதில் எழுத உட்கார்ந்தாள். அன்புள்ள மிரா. அன்புள்ள மிரா, நான். அன்புள்ள மிரா, முதலில் உங்கள் கை எப்படி இருக்கிறது. திருத்தம் போட வேண்டும் என்று பத்திரிகைக்கு ஒரு வரியும் எழுதி வைத்தாள். அந்த மாதம்தான் நிரந்தர வேலைக்கான நேர்காணல். அது முடியட்டும் என்று நினைத்தாள். முடிந்தது, வேலை கிடைத்தது. பிறகு புத்தகம் முடியட்டும் என்று நினைத்தாள். நாலு வீடு மாறியும் நீல உறை கூடவே வந்தது, எப்போதும் இடதுகைப் பக்க மேஜை இழுப்பறையில், பழைய சாவிகளுக்கும் பாட்டரிகளுக்கும் கீழே. நடுவில் பிரஸ்ஸல்ஸில் ஓர் ஆய்வுக்குழு, வீட்டுத் தொழிலாளருக்குப் பாதுகாப்பே இல்லாத நாடுகள் என்று ஒரு பட்டியல் போட்டது, அந்த நாடுகளுக்கு ஆள் அனுப்பிப் பேசினார்கள், சிலதில் சட்டமும் வந்தது. மிராவின் நாடு பட்டியலில் இல்லை. அதற்குத்தான் ஏற்கெனவே உண்டே. ஆதாரமாக அடிக்குறிப்பில் அம்சவேணியின் பெயர். அதைப் படித்த நாளில் அவள் மீன் சமைத்துச் சாப்பிட்டாள் என்பதும் நினைவிருக்கிறது, முள் குத்தியது, தொண்டையில் இரண்டு நாள் இருந்தது.

ஒருவர் எழுதினால் இன்னொருவர் அவரைக் காட்டி எழுதுவார், மூன்றாமவர் இருவரையும் காட்டுவார், நாலாமவருக்கு மூன்று ஆதாரம். இந்தத் தொழிலில் பொய் இப்படித்தான் வளர்ந்து, தலை நரைத்து, மரியாதை பெறுகிறது. சின்ன மொழி, சின்ன நாடு, அரசிதழைப் போய்ப் புரட்ட யாருக்கு நேரம். லீஸ்பெத்தும் அப்படித்தான் எடுத்துப் போட்டுவிட்டாள் என்று அம்சவேணி நினைத்தாள். ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் அந்தக் கட்டத்தின்மேல் நிற்கிறது. அதை இப்போது இழுத்தால் அத்தியாயம் சரியும், மேடையில் நிற்கும் பெண் பெற்றோர் முன்னால் சரிவாள், அவளுக்குச் செப்டம்பரில் ஒரு வேலை காத்திருக்கிறது. பார்த்தாயா, அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று மனம் உடனே ஒரு நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டது. முப்பது வருடத்தில் இந்த மனம் எத்தனை சட்டை தைத்திருக்கிறது. கையில் ஒரு தாளில் மூன்றாம் அத்தியாயத்தைப்பற்றி ஒரு கேள்வி தயாராக இருந்தது, யாரையும் கடிக்காத கேள்வி. இரண்டு மணி முப்பத்தொன்று. ஐந்தாவது எதிர்வாதி, ஒல்லியான பிரெஞ்சுக்காரர், ஆய்வேட்டோடு கொடுத்த தனிச்சீட்டைத் தூக்கிக் காட்டி ஏதோ தமாஷ் சொன்னார், பெஞ்சுகளில் சிரிப்பு ஓடியது. அதுவும் இந்த ஊர் வழக்கம். ஆய்வேட்டோடு பத்து வாக்கியங்கள் அச்சடித்த ஒரு சீட்டைத் தர வேண்டும், எதிர்வாதிகள் அதிலிருந்தும் கேட்கலாம். ஒன்பது வாக்கியம் படிப்பைப்பற்றி இருக்கும், பத்தாவது விளையாட்டுக்கு. சைக்கிள், சீஸ், மாமியார் என்று எதையாவது எழுதுவார்கள். லீஸ்பெத்தின் பத்தாவது வாக்கியம்: ஒப்பீட்டுச் சட்டம் படிப்பவர் வாழ்க்கையில் ஒருமுறையாவது போனை எடுத்துக் கேட்க வேண்டும். போன வாரம் குழுக் கூட்டத்தில் இதைப் படித்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள், அம்சவேணியும்தான். லீஸ்பெத்தின் வழிகாட்டி ஹெண்ட்ரிக் மட்டும் சிரிக்கவில்லை. இந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன், பிடிவாதமாக மறுத்துவிட்டாள் என்று அவர் முணுமுணுத்தார். ஹெண்ட்ரிக்குக்கு நகைச்சுவை ஒத்துக்கொள்ளாது, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெண்ட்ரிக் இருபது வருட சிநேகிதர். மரியாதை மலரைப் பதிப்பிப்பவரும் அவர்தான்.

"பேராசிரியர் அம்சவேணி," என்று தலைவர் அழைத்தார். இரண்டு மணி முப்பத்தேழு. அவள் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், அதுவும் வழக்கம். வாய் தானாகவே தயாரித்த கேள்வியைக் கேட்டது. மூன்றாம் அத்தியாயம், வேலையைக் கொடுப்பவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, நடுவில் தரகர் இருந்தால் என்ன செய்வது. தன் குரல் தனக்கே தூரத்து ஸ்டேஷன் அறிவிப்புபோலக் கேட்டது, எந்த வண்டி எத்தனையாவது பிளாட்பாரம் என்று. லீஸ்பெத் பதில் சொன்னாள், நன்றாகச் சொன்னாள், ஆனால் சொல்லும்போது அவள் கண் அம்சவேணியின் முகத்தில் இல்லை. மேசையில் கிடந்த அந்தச் சீட்டில் இருந்தது. சீட்டுக்குப் போகும், அம்சவேணிக்கு வரும், மறுபடி சீட்டுக்குப் போகும். அந்தப் பார்வையை அம்சவேணி எங்கோ பார்த்திருக்கிறாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வா என்று கூப்பிடாமல் ஓரமாக நிற்பவர்களின் பார்வை. பதில் முடிந்தது. இரண்டு மணி நாற்பத்திரண்டு. நன்றி சொல்லி உட்காரலாம். சொல்ல வாயெடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, மெதுவாக, கால் மரத்துப்போன பிறகு இரத்தம் திரும்புவதுபோல. இந்தப் பெண் போன் செய்திருக்கிறாள். இவளுக்குத் தெரியும். தெரிந்தும் அட்டவணையில் கைவைக்க விடவில்லை, அடுத்த மாதம் ஓய்வு பெறும் பெரியவளின் பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று யாரோ தடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, ஹெண்ட்ரிக், அவர் இப்போது தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுத விடாததை அவள் ஒரு வாக்கியமாக மாற்றி, தமாஷ் வாக்கியங்கள் இருக்கும் இடத்தில் போட்டு, அது வேண்டாம் என்றவரிடமும் மறுத்து, ஒரு வாரமாகக் காத்திருக்கிறாள். வழக்கப்படி அவளாக எதையும் தொடங்க முடியாது. எதிர்வாதி கேட்டால்தான் பேச முடியும். எதிர்வாதி சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பயம் வரும் என்று நினைத்தாள் அம்சவேணி. வந்தது வெட்கம், சுத்தமான வெட்கம், சுடச்சுட, அதற்குள்ளே எங்கிருந்தோ ஒரு நிம்மதி.

"இன்னொரு கேள்வி," என்றாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்கள் பத்தாவது வாக்கியத்தை நிரூபியுங்கள்."

பெஞ்சுகளில் மறுபடி சிரிப்பு எழுந்தது, பெரியம்மா விளையாடுகிறார் என்று நினைத்தார்கள். லீஸ்பெத் சிரிக்கவில்லை. மேடையின் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். வெளியே வராந்தாவில் மணிச்சத்தம், கட்டியக்காரி நடக்கத் தொடங்கிவிட்டாள், ஒவ்வோர் எட்டுக்கும் கோலில் தொங்கும் வெள்ளி மணிகள் கிலுகிலுத்தன.

"மிகக் கற்ற எதிர்வாதி அவர்களே," என்றாள் லீஸ்பெத், "போன நவம்பரில் நான் போன் செய்தேன். நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில், ஏழாவது வரிசையில் இருக்கும் நாட்டின் அமைச்சகத்துக்கு. ஒரு பெண் எடுத்தார். அந்தச் சட்டத்துக்கு"

கதவு திறந்தது. கோல் தரையைத் தட்டியது. "ஹோரா எஸ்ட்."

லீஸ்பெத்தின் வாய் மூடிக்கொண்டது, ஐந்து வருடம் உழைத்தவள், விதி தெரிந்தவள். தலைவர் எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள், நாற்காலிகள் பின்னுக்குப் போகும் சத்தம், அங்கிகள் உரசும் சத்தம், ஹெண்ட்ரிக்கிடமிருந்து ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. வரிசையாக வெளியே போய், மூடிய அறையில் ஐந்து நிமிடம் பேசி, பட்டத்தோடு திரும்பி வர வேண்டும், பிறகு ஒயின், பிறகு பூங்கொத்து. இப்போது எழுந்தால் எல்லாம் முடிந்தது. பிழை இன்னொரு முப்பது வருடம் நன்றாக இருக்கும், பொன் எழுத்தில் இருக்கும், இந்தப் பெண்ணின் பெயரும் இனி அதற்குச் சாட்சி. அம்சவேணியின் விரல் அங்கியின் ஓரத்தில் அந்தத் தையலைத் தடவியது. பாத்துக்கினு இன்னா பண்ணுவ. அவள் எழவில்லை. மணிகள் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அந்த மண்டபத்தில் ஒரே ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒவ்வொருவராக நின்றார்கள், கட்டியக்காரியும் கோலோடு அப்படியே நின்றாள்.

"அந்தச் சட்டத்துக்கு இன்றுவரை தேதி குறிக்கவில்லை," என்றாள் அம்சவேணி. "உண்டு என்று எழுதியது நான். உறுதியாகத் தெரியாமல் எழுதினேன். இல்லை என்று தெரிந்த பிறகும் திருத்தாமல் வைத்திருந்தேன். இந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். அது அவள் பிழை அல்ல, என்னுடையது. அவள் ஆய்வேட்டில் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்."

தலைவர் மெதுவாகக் குனிந்தார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "நேரம் ஆகிவிட்டது, பேராசிரியர்," என்றார்.

"ஆமாம்," என்றாள் அம்சவேணி. "ஒருத்திக்குக் கடிதம் எழுத வேண்டும். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று முதலில் போன் செய்து கேட்க வேண்டும்."